சிவப்பு டப்பாவில் ஒரு நல்ல பீஸ்

1

குங்குமத்துக்குப் பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கிறதா என்று லேபில் கேட்டார்கள். விளையாட்டுக்கு இல்லை. முறைப்படி மின்னஞ்சலில், மூன்று பேருக்கு நகல் வைத்துக் கேட்டார்கள். தீப்பிடிக்குமா, கண்ணில் பட்டால் என்ன முதலுதவி, மிச்சத்தை எப்படி அப்புறப்படுத்துவது என்றெல்லாம் நான் எழுதித் தர வேண்டுமாம். ஆயுத பூஜைக்கு எங்கள் பெரிய எந்திரத்துக்கு ஒரு பொட்டு வைக்கலாமா என்று சும்மா இருக்க முடியாமல் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது.

இத்தனைக்கும் நான் வேதக்காரக் குடும்பத்துப் பெண். பெயர் ஸ்டெல்லா. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது மாதா படம். விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னேன். "உனுக்கு இன்னாத்துக்குடி குங்குமம்? ஃபாதர் காதுல உழுந்தா இன்னா நெனப்பாரு?" என்று திட்டினாள். அவளுக்கு இதைப் புரிய வைப்பது கஷ்டம். நான் ஒரகடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் கம்பெனி வேலை பார்த்தவள். அங்கே ஆயுத பூஜை அன்று யார் எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. லைனில் நிற்கிறவர்கள், லைனில் நிற்காதவர்கள் என்று இரண்டே கட்சிதான். அன்றைக்கு மட்டும் எந்திரங்கள் நிற்கும், நாங்கள் உட்காருவோம். வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்து, கேட்டில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் ஜப்பான்கார மேனேஜர் நெற்றி நிறையச் சந்தனத்தோடு ஒவ்வொருவருக்கும் ஸ்வீட் பாக்ஸ் நீட்டுவார். தினமும் யூனிஃபார்மில் பார்த்த பெண்கள் பட்டுப்புடவையில் வந்தால் அடையாளமே தெரியாது.

இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. நாட்டின் பெயரைச் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம், வேலை அப்படி. ஐரோப்பாவின் வடக்கே, குளிர்காலத்தில் மத்தியானச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய லைன் பெண்களின் வாட்ஸப் குழுவில் படங்களாக வந்து விழும். இந்த வருஷம் அதைப் பார்த்துவிட்டுத்தான் கை அரித்தது.

கடைசியில் பாதுகாப்புக் குழு கூடிப் பேசி ஒரு தீர்ப்பு சொன்னது. ஒரு காகிதப் பூ அனுமதிக்கப்படுகிறது. லேபுக்கு வெளியே, கதவில், டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டினேன். அந்த வாரமே சோதனைப் பெட்டி வந்து சேர்ந்தது.

2

என் வேலையைப் பற்றி ஊரில் ஒரே விளக்கம்தான் நிலவுகிறது: "ஸ்டெல்லா ஃபாரின்ல பிளட் டெஸ்ட் எடுக்குது." நான் மறுப்பதில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நாங்கள் தேடுவது சர்க்கரையையும் கொழுப்பையும் அல்ல.

போரில் விஷவாயு பயன்படுத்தக் கூடாது என்று உலக நாடுகள் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கின்றன. அப்படியும் பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்திவிட்டு, நாங்கள் இல்லை என்கிறார்கள். வாயுவைக் காற்று கொண்டுபோய்விடும். மண்ணை மழை கழுவிவிடும், அல்லது லாரி வைத்து அள்ளிவிடுவார்கள். மிஞ்சுவது அங்கே மூச்சு விட்டவர்களின் உடம்பு மட்டும்தான். நரம்பு விஷம் ரத்தத்தில் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. கடுகு வாயு என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டு ரசத்துக்குத் தாளிப்பது என்று நினைத்துவிடாதீர்கள், தோலைக் கொப்புளமாக்கி, கண்ணை மூடவைத்து, நெஞ்சைப் பொசுக்குகிற வஸ்து அது. அதன் தடயம் ரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கும். பாதிக்கப்பட்டவர் என்று சொல்லப்படுகிற ஒருவரின் ரத்தமும் சிறுநீரும் முத்திரை வைத்த குப்பிகளில் எங்களுக்கு வரும். உள்ளே விஷத்தின் தடயம் இருக்கிறதா, இல்லையா? இதைச் சொல்வதுதான் எங்கள் வேலை.

இதைச் சொல்கிற அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை, விண்ணப்பித்து மூன்று வருஷம் கழித்து, இந்த வருஷம்தான் எனக்குக் கிடைத்தது. நான் பிறந்தது முதல் தங்கிய இடம், படித்த இடம், வேலை பார்த்த இடம் எல்லாவற்றுக்கும் அத்தாட்சி கேட்டார்கள். ஒரகடத்தில் எனக்குச் சம்பளம் போட்ட கான்ட்ராக்ட் ஏஜென்சி எப்போதோ காணாமல் போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது பிரியாணிக் கடை. "நிறுவனத்தின் இன்றைய நிலை?" என்று கேட்ட கட்டத்தில் என்ன எழுதுவதென்று ஒரு வாரம் யோசித்தேன்.

ஊரில் வீட்டுக்கு ஒரு ஏட்டு விசாரணைக்கு வந்திருக்கிறார். அப்பா சேர் போட்டு, காபி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்.

"பொண்ணு அங்க இன்னா வேலை பண்ணுது?"

"விஷம் கண்டுபுடிக்குது சார்."

"விஷம்னா? பாம்பு கீம்பு எதுனாவா?"

"இல்ல சார், மனுசாள் மூத்திரத்துல தேடுது."

ஏட்டு பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம். "அதுக்கா இம்மாந்தூரம் போச்சு?"

அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அனுமதி கிடைத்தது என்னவோ அந்த ஏட்டு நல்லபடியாக எழுதியதால்தான். அவர் நன்றாக இருக்கட்டும்.

3

பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். உலகத்தில் இந்த வேலை செய்கிற லேப்கள் கொஞ்சம்தான். விஷவாயு ஒப்பந்தத்தைக் கண்காணிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குப்பிகளை அனுப்பி அவ்வப்போது பரீட்சை வைப்பார்கள். சில குப்பிகளில் விஷத்தின் தடயத்தைக் கலந்து வைத்திருப்பார்கள். சிலவற்றில் ஒன்றும் இருக்காது. எதில் என்ன என்று குறித்த கெடுவுக்குள் சொல்ல வேண்டும். இருப்பதை விட்டுவிட்டால் தோல்வி. இல்லாததை இருக்கிறது என்று சொன்னால் அதைவிடப் பெரிய தோல்வி.

போன பரீட்சையில் நாங்கள் தோற்றோம். ஒரு ரத்தக் குப்பியில் இருந்த நரம்பு விஷத்தின் தடயத்தைக் கோட்டைவிட்டோம். இந்த முறையும் தவறினால், மனித மாதிரிகளைப் பார்க்கும் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள். இது வதந்தி இல்லை. பரீட்சைக்கு முன்பே இரண்டு பேர் டேப்போடு வந்து எங்கள் அறையை நீள அகலம் அளந்துகொண்டு போனார்கள், பயிற்சிக் கூடம் ஆக்குவதற்காக. அளக்கும்போது என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

எனக்கு வேறு வேலை கிடைக்கும், வீட்டுக்காரர் சகாயத்துக்கும் வேலை இருக்கிறது, சோற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த வேலையை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அதற்குக் காரணம் இந்த ஊரில் இல்லை, ஒரகடத்தில் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, மேலே படிக்கப் பணம் சேர்க்க பிரேக் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் மத்தியான ஷிஃப்டில் பாகங்களைக் கழுவுகிற பக்கத்திலிருந்து ஒரு நெடி வந்தது. கண் எரிந்தது. என் பக்கத்தில் நின்ற வசந்தி, பிள்ளைப்பாக்கத்துப் பெண், அப்படியே சரிந்தாள். இன்னும் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். மூன்று பேரையும் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வந்து பார்த்த டாக்டர், பார்த்தவுடன் முடிவு சொன்னார்: பெண் பிள்ளைகள் காலையில் சாப்பிடாமல் வந்தால் மயக்கம்தான் வரும்.

"நான் துன்னுட்டுத்தான்டி வந்தேன். நாலு இட்லி துன்னேன்" என்று வசந்தி என்னிடம் சொன்னாள். சூப்பர்வைசரிடம் சொன்னாள், எச்.ஆரிடம் சொன்னாள், பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னாள். யாரும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. நாலு இட்லி தின்றதை நிரூபிக்க முடியாமல் அவள் அழுதது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஒருவர் உடம்புக்கு நடந்ததை அவர் வாயால் சொல்லி, அதை நம்ப ஆள் இல்லை என்றால் அதைப் போல் ஒரு கேவலம் கிடையாது. நான் இந்த வேலைக்கு வந்தது தற்செயல். இதில் நின்றது தற்செயல் இல்லை.

4

அந்தக் கம்பெனியில் நான் இருந்தது செக்கிங் மேஜையில். லைனில் நிராகரிக்கப்பட்ட பாகங்கள் சிவப்பு டப்பாவில் என்னிடம் வரும். ஒவ்வொன்றையும் கேஜில் வைத்து மறுபடி அளந்து, என்ன குறை என்று சீட்டு எழுதி, கழிவுக்கு அனுப்ப வேண்டும்.

புதிதாக அந்த மேஜைக்கு வருகிறவளுக்கு லைன் பெண்கள் ஒரு வரவேற்பு வைத்திருந்தார்கள். ஒரு நல்ல பாகத்தை, குறையே இல்லாத ஓகே பீஸை, சத்தமில்லாமல் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவார்கள். கேஜ் சரி என்று காட்டும். ஆனால் வந்தது சிவப்பு டப்பாவில் ஆயிற்றே! புதுப் பெண் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வெளிச்சத்தில் பிடிப்பாள். கடைசியில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் கண்டுபிடித்தது ஒரு கீறல். உள்விளிம்பில், முடி கனத்தில். சத்தியமாகப் பார்த்தேன். சீட்டில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். மத்தியானம் கேன்டீனில் அந்தப் பீஸ் மேஜைக்கு மேஜை கை மாறியது. "எங்கடி கீறல்? காட்டு பாக்கலாம்" என்று சாம்பார் கையோடு ஒவ்வொருத்தியும் கேட்டாள். எனக்கே அது தெரியவில்லை. வசந்திதான் கூட்டத்துக்குத் தலைவி. "டப்பா செவப்பா கீதுன்னா பீஸும் கெட்டுப் பூடுமா?" என்று கேட்டுச் சிரித்து, சிரிப்பில் புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

இதே வரவேற்பு அவளுக்கும் நடந்திருக்கிறது. அவள் கண்டுபிடித்தது துரு.

5

பரீட்சைப் பெட்டியில் பல குப்பிகள் சுலபமாகவே போயின. ஒரு ரத்தக் குப்பியில் நரம்பு விஷத்தின் தடயம், சந்தேகத்துக்கு இடமில்லாமல். இன்னொன்றில் கடுகு வாயு. போன தடவை விட்டதை இந்தத் தடவை பிடித்துவிட்டோம் என்று எல்லோர் முகத்திலும் தெம்பு. மீதியிருந்தது ஒரு சிறுநீர்க் குப்பி.

கடுகு வாயு சிறுநீரில் இரண்டு வகைத் தடயம் விடும். ஒன்று தயோடைகிளைகால். இது கொஞ்சம் பொதுவான பொருள், சில மைகளிலும் சாயங்களிலும்கூடப் புழங்குவது. இன்னொன்று, கடுகு வாயு உள்ளே போனபின் உடம்பு அதோடு போராடி உண்டாக்குவது. அது வேறு வழியில் வரவே வராது. இந்தக் குப்பியில் முதல் தடயம் தெளிவாக இருந்தது. இரண்டாவது தடயம் இருக்க வேண்டிய இடத்தில், எந்திரத் திரையில் ஓடும் வரைபடத்தின் அடிக்கோட்டில், ஒரு சின்ன மேடு.

என் சக ஊழியை கிறிஸ்டினா இருபது வருஷ அனுபவம் உள்ளவர். அந்த மேட்டைச் சுட்டிக்காட்டி, "இதோ இருக்கிறது, ரொம்பக் குறைவு, ஆனால் இருக்கிறது" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற வெறியோடு பார்க்கிற கண்ணுக்கு முன்பு ஒரு தடவை கீறல் தெரிந்திருக்கிறது. சோதனைப் பெட்டியில் வந்தது என்பதாலேயே உள்ளே விஷம் இருக்க வேண்டுமா என்ன?

மறுநாள் காலைக் கூட்டத்தில் எங்கள் தலைவர் ஹென்ரிக், "அப்படியானால் இதையும் கடுகு வாயு என்றே அறிக்கையில் சேர்த்துவிடலாம்" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். இந்த ஊர்க்காரர்கள் கூட்டத்தில் குரல் உயர்த்த மாட்டார்கள். ஒருவர் பேசி முடித்து, நான்கு மூச்சு விட்டபின்தான் அடுத்தவர் வாயைத் திறப்பார். எனக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை. லைனை நிறுத்துகிற வேகத்தில் "நிறுத்து!" என்று கத்திவிட்டேன்.

இந்த மொழியில் அதைச் சொல்லப் பல வடிவங்கள் உண்டு. அவசரத்தில் என் வாயில் வந்தது நாயிடம் சொல்கிற வடிவம்.

ஹென்ரிக் விசைப்பலகையிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். "நிறுத்திவிட்டேன்" என்றார். "உட்காரவும் வேண்டுமா?"

பதினோரு வருஷத்தில் அந்த அறையில் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு அடங்கியதும் என் வாதத்தைச் சொன்னேன். ஒன்றுமே இல்லாத சாதாரண மனிதர் சிறுநீரிலும் இந்த முதல் தடயம் கொஞ்சம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு வரை இருக்கலாம்? நாம் ஒப்பிட்டுப் பார்த்தது விலைக்கு வாங்கிய ஒரே ஒரு பாட்டிலோடு. அது போதாது. ஆரோக்கியமான பத்துப் பதினைந்து பேருடையதை இதே எந்திரத்தில் ஓட்டிப் பார்ப்போம்.

"பத்துப் பதினைந்து பேருக்கு எங்கே போவது?" என்று கிறிஸ்டினா கேட்டார்.

நான் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன்.

6

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால்கூட நின்றுகொண்டே வருகிற ஜனங்கள் இவர்கள். அவர்களிடம் போய் ஆளுக்கொரு குப்பியைக் கொடுத்து, "தயவுசெய்து" என்று சொல்லி நிற்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ! ஆண்கள் காது சிவக்க வாங்கிக்கொண்டார்கள். அவரவர் சம்மதம் எழுத்தில் வேண்டும் என்றது நிர்வாகம். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றது. கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழுவின் தலைவி முன்னால் நேரில் போய் நின்றேன். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்டார். "ஒரு நிரபராதிக் குப்பியைத் தூக்கில் போடப் பார்க்கிறார்கள்" என்றேன். மத்தியானமே ஒப்புதல் வந்தது.

யாருடையது எது என்று தெரியாதபடி எண் மட்டும் ஒட்டி, ராவு பகலாக எந்திரத்தை ஓட்டினோம். முடிவுகள் திரையில் வரிசையாக வந்தபோது எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். பெரும்பாலானவர்களிடம் ரொம்பக் குறைவு. இரண்டு பேரிடம் கொஞ்சம் கூடுதல். ஒரு எண்ணுக்கு வந்தபோது கோடு எழும்பி எழும்பி, பரீட்சைக் குப்பியின் அளவைத் தாண்டிப் போய் நின்றது. அடிக்கோட்டில் பார்த்தால் அதே இடத்தில் அதே சின்ன மேடு, அச்சு அசலாக.

"யாருடையது இது?" என்றேன்.

நான்கு மூச்சு கழித்து ஹென்ரிக் கையைத் தூக்கினார். லேபுக்குள் காலெடுத்து வைத்தே மாதக்கணக்கான, கோப்பு மட்டும் பார்க்கிற மனிதர்.

கிறிஸ்டினா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நேற்று எந்தப் போர்முனையிலிருந்து வந்தீர்கள்?"

"மாமியார் வீட்டிலிருந்து" என்றார் ஹென்ரிக்.

அந்தக் குப்பிக்கு எதிரே "எதுவும் கண்டறியப்படவில்லை" என்று எழுதி என் முழுப் பெயரையும் போட்டேன். நான் ஒப்பமிடும் முதல் அறிக்கை. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் கிறிஸ்டினா மெதுவாகச் சொன்னார்: "உன் வாதம் நல்ல வாதம். ஆனாலும் நிஜமாகவே அவர்கள் மிகக் குறைவாகக் கலந்திருந்தால்?" இல்லாத கீறலைச் சொல்வது பிழை என்றால், இருக்கிற கீறலைக் காணாமல் விடுவதும் பிழைதான். போன முறை தோற்றதே அப்படித்தான். அழுத்திவிட்டேன்.

7

முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வசந்தியிடம் மட்டும் பட்டும் படாமலும் சொன்னேன். அவள் இன்றைக்கும் ஒரகடத்தில்தான், வேறு கம்பெனியில் லைன் லீடர். பஸ்ஸில் வரும்போது பேசுவாள், பின்னால் நாற்பது பேர் பேசுவதும் சேர்ந்து கேட்கும்.

"லைன நிறுத்துனியா? மெமோ குட்த்தானா?"

"இல்லடி. சிரிச்சாங்க."

"சிரிச்சாங்களா? இன்னா கம்பெனிடி அது? நான் போன வாரம் நிறுத்துனதுக்கு மேனேஜர் இன்னும் மூஞ்சக் காட்டிக்கினு கீறான்."

என் மகள் எஸ்தருக்குப் பன்னிரண்டு வயது. அவள் நண்பர்கள் அவளை வேறு ஏதோ பெயரில் கூப்பிடுகிறார்கள், அதற்குத்தான் அவள் சட்டென்று திரும்புகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இந்த ஊர் மொழியில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து போன் வந்தால் "நல்லா இருக்கேன், ஸ்கூல் போறேன்" என்ற இரண்டு வாக்கியத்தோடு போனை என்னிடம் நீட்டிவிடுவாள். என்னைத் தன் ஆள் என்று நினைக்கிறாளா, வெளியாள் என்று நினைக்கிறாளா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும். அப்பா அம்மாவின் வேலையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று ஒரு நாள் வந்து நின்றாள். அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

"அம்மா, நீ யாரை காப்பாத்துற?"

"யாரையும் இல்ல. எங்ககிட்ட குப்பி வர்றதுக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும்."

"அப்புறம் எதுக்கு?"

லேபைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதனால் வசந்தியைப் பற்றிச் சொன்னேன். நெடி, கண் எரிச்சல், டாக்டர், நாலு இட்லி எல்லாம் சொன்னேன். போனை நோண்டாமல் கேட்டாள். கடைசியில், "அந்த ஆன்ட்டி பொய் சொல்லல" என்றாள். அதோடு போய்விட்டாள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோதுதான் டீச்சர் சொன்னார். எஸ்தர் வகுப்பில் முழுக்க முழுக்க வசந்தியின் கதையைச் சொல்லியிருக்கிறாள். பாதி நேரம் இட்லி என்றால் என்ன என்று விளக்குவதிலேயே போய்விட்டதாம். முடிக்கும்போது, "வலித்தது என்று சொல்கிறவர்களை நம்புவதற்கு என் அம்மாவிடம் ஒரு எந்திரம் இருக்கிறது" என்றாளாம். என் பிள்ளை எங்கும் போய்விடவில்லை. எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து மேஜையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அதிர்ந்தது. ஹென்ரிக் ஒரே வரி அனுப்பியிருந்தார். எல்லாக் குப்பியும் சரி. சிறுநீர்க் குப்பியில் அவர்கள் எதுவுமே கலக்கவில்லை. பல லேப்கள் அதில் விழுந்திருந்தன.

நான் "அய்யோ ஆண்டவரே!" என்று போட்ட சத்தத்தில் டீச்சர் எழுந்துவிட்டார். ஊரில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் என் போனை வாங்கிப் படித்தாள். பிறகு டீச்சருக்கு அந்த மொழியில் நிதானமாக விளக்கினாள்: "ஒன்றுமில்லை. என் அம்மா ஜெயித்துவிட்டார்."

8

எங்கள் பிரிவு நிலைத்தது. அளவெடுத்துப் போனவர்கள் வேறு யாருடைய நாற்காலியையோ நகர்த்தப் போய்விட்டார்கள். ஹென்ரிக் கேக் வாங்கி வந்தார். தன்னைப் பெயருக்குப் பதில் குப்பி எண்ணால் அழைக்க அனுமதி கொடுத்தார். இரண்டு நாள் அப்படித்தான் கூப்பிட்டோம்.

மூன்றாவது வாரம் நிஜப் பெட்டி வந்தது. எங்கிருந்து என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். ஆணா பெண்ணா, வயது என்ன, எதுவும் தெரியாது. முத்திரை, எண், ரத்தம், சிறுநீர். அவ்வளவுதான்.

வழக்கம்போலவே செய்தோம். இல்லாததைச் சொல்லிவிடக் கூடாது என்று முதலில் ஆரோக்கியமானவர்களின் குப்பிகளை ஓட்டினோம், பிறகு இதை. நான் மனதை இறுக்கிக்கொண்டுதான் திரையைப் பார்த்தேன். முதல் தடயம் இருந்தது. இரண்டாவது தடயம், வேறு வழியில் வரவே முடியாதது, அடிக்கோட்டில் மேடாக இல்லை. குத்திட்டு நின்றது. கிறிஸ்டினா ரத்தத்தில் தனியாகத் தேடினார். அங்கேயும் இருந்தது. மறுபடி எடுத்து, மறுபடி ஓட்டி, மறுபடி பார்த்தோம். மாற்றமே இல்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் இருந்தது. ஒரு மனிதரின் உடம்பு வெந்திருக்கிறது, அதில் என்ன சந்தோஷம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அழுகையும் வந்தது. ஆனால் அந்த மனிதர் எங்கோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், திறக்க முடியாத கண்ணோடு, எனக்கு இது நடந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். அடுப்புப் புகையாக இருக்கும் என்று ஒருவர் சொல்லியிருப்பார். பயத்தில் வந்த கொப்புளம் என்று ஒருவர் சொல்லியிருப்பார். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று கோட்டு சூட்டு போட்ட யாரோ மைக் முன்னால் சொல்லியிருப்பார்கள். ஹென்ரிக்கின் குப்பியை விஷம் என்று சொல்லிவிடாதவர்கள் நாங்கள் என்பதால், இப்போது நாங்கள் சொல்வதை ஒருவரும் தட்ட முடியாது.

அறிக்கையில் "கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயர் தெரியாத அந்த மனிதர் சொன்னதை இனி எல்லோரும் நம்பியே ஆக வேண்டும். நம்பாதவர்கள் என்னிடம் வரட்டும்.